அமெரிக்காவில் உயிரியல் பிஎச்.டி.: விண்ணப்பத்திலிருந்து நேர்காணல் வரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயிரியல் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மதிப்பெண் பற்றித்தான். எத்தனை சதவீதம் வேண்டும், எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்பார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "நீங்கள் கடைசியாகச் செய்த சோதனையில் எந்தக் கேள்விக்கு விடை தேடினீர்கள்?" பலர் ஒரு கருவியின் பெயரையோ, ஒரு முறையின் பெயரையோ சொல்வார்கள். கேள்வியைச் சொல்பவர்கள் குறைவு. சேர்க்கைக் குழு தேடுவது அந்தக் குறைவானவர்களைத்தான். ஏன் இந்தப் படிப்பு என்று நீங்களே எழுதும் நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல் எல்லாவற்றிலும் அவர்கள் பார்ப்பது இந்த ஒன்றையே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அடிப்படைகள். அங்கே உயிரியல் பிஎச்.டி.யில் சேர இளங்கலைப் பட்டம் போதும், முதுகலை கட்டாயமில்லை. ஆனால் மூன்றாண்டு இளங்கலை மட்டும் முடித்தவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை என்பதால், பட்டியல் போடும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். படிப்பு முடியப் பொதுவாக 5 முதல் 6 ஆண்டுகள் ஆகும். கல்விக் கட்டணத்தை நிறுவனமோ ஆய்வு நிதியோ ஏற்றுக்கொள்ளும். மாதந்தோறும் உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் உண்டு. கடன் வாங்கிப் படிக்கும் படிப்பு இதுவல்ல. நிதி இல்லாமல் இடம் மட்டும் கொடுத்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் ஏற்காதீர்கள்.

கால அட்டவணை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இணையத்தில் விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறக்கும். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவுக்குள் கடைசி நாள் வரும். டிசம்பர் 1 மிகப் பரவலான தேதி. ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நேர்காணல். கிடைத்த இடத்தை ஏற்பதா என்று நீங்கள் ஏப்ரல் 15க்குள் முடிவு சொல்ல வேண்டும். வகுப்பு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும். ஆகவே மே அல்லது ஜூனில் வேலையை ஆரம்பித்தவருக்குத்தான் மூச்சு விட நேரம் இருக்கும்.

உங்கள் துறை எந்த வகை?

இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் ஓர் ஆண்டையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூலக்கூறு உயிரியல், செல் உயிரியல், மரபியல், நோய் எதிர்ப்பியல், நரம்பியல் போன்றவற்றில் பெரும்பாலும் ஒரு குழு மாணவரைச் சேர்க்கிறது. எந்தப் பேராசிரியரிடம் சேர்வது என்பது அப்போது முடிவாவதில்லை. முதல் ஆண்டில் வழக்கமாக மூன்று ஆய்வகங்களில், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 8 முதல் 12 வாரங்கள் வேலை செய்து பார்க்க வேண்டும். இதை ரொட்டேஷன் என்பார்கள். அதன் பிறகே நெறியாளரைத் தேர்வு செய்வீர்கள். ஹார்வர்ட், யேல் பல்கலைக்கழகங்களில் பி.பி.எஸ். எனப்படும் உயிரியல், உயிர்மருத்துவ அறிவியல் திட்டங்கள், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டெட்ராட் திட்டம் ஆகியவை இந்த வகை.

சூழலியல், பரிணாம உயிரியல் துறைகளில் நடைமுறை வேறு. அங்கே ஒரு குறிப்பிட்ட பேராசிரியர் "இவரை என் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால்தான் பெரும்பாலும் இடம் கிடைக்கும். அவருக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மின்னஞ்சல் எழுதிப் பேசியிருக்க வேண்டும். எழுதாமல் டிசம்பரில் விண்ணப்பம் போட்டால், எத்தனை நல்ல விண்ணப்பமானாலும் அதை எடுத்துப் பேச அறையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்டக் கூடாது. நீங்கள் யார், என்ன ஆய்வு செய்தீர்கள் என்பதற்கு இரண்டு வரி. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் உங்களுக்கு எழுந்த உண்மையான கேள்விக்கு இரண்டு வரி. அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்ற நேரடிக் கேள்வி ஒன்று. தன்விவரக் குறிப்பை இணைத்துவிடுங்கள். பாராட்டுரை வேண்டாம். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி நாற்பது பேருக்கு அனுப்பினால் அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். குழு வழியாகச் சேர்க்கும் துறைகளுக்கு இந்தக் கடிதம் கட்டாயமில்லை.

பட்டியல் போடுவது

தரவரிசையை மூடி வைத்துவிட்டு ஆய்வகங்களை எண்ணுங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் நீங்கள் ஐந்தாண்டு மனமொப்பி வேலை செய்யக்கூடிய ஆய்வகங்கள் குறைந்தது மூன்று நான்கு இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றுதான் என்றால், குழுச் சேர்க்கை உள்ள இடத்தை நான் பட்டியலிலிருந்து நீக்கிவிடச் சொல்வேன். அந்த ஒருவர் வேறு ஊருக்குப் போய்விடலாம், அவரிடம் நிதி இல்லாமல் இருக்கலாம், நீங்கள் சேரும் ஆண்டில் அவர் மாணவர் எடுக்காமல் இருக்கலாம்.

பேராசிரியர் இப்போது என்ன செய்கிறார் என்பதை அவருடைய வலைப்பக்கத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். பல பக்கங்கள் ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படுவதில்லை. மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் தளத்தில் கடைசி மூன்றாண்டுக் கட்டுரைகளைப் பாருங்கள். 2013இல் தொடங்கிய பயோஆர்கைவ் தளத்தில், இதழ்களில் வருவதற்கு முந்தைய வடிவங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஆய்வகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அங்கேதான் முதலில் தெரியும். என்.ஐ.எச். எனப்படும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் நடத்தும் ரிப்போர்ட்டர் என்ற தளத்தில் பேராசிரியரின் பெயரைக் கொடுத்தால், அந்த அமைப்பிடமிருந்து அவருக்கு என்ன நிதி இருக்கிறது, எந்த ஆண்டு வரை என்பது தெரியும். இதைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். உங்கள் ஐந்தாண்டு வாழ்க்கை அந்த நிதியில்தான் நடக்கப்போகிறது.

வெளிநாட்டு மாணவர்கள் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்.ஐ.எச். துறைகளுக்குக் கொடுக்கும் மாணவர் பயிற்சி நிதியும், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் புகழ்பெற்ற பட்டதாரி ஆய்வு உதவித்தொகையும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டு மாணவரைத் துறை தன் வேறு பணத்திலிருந்துதான் தாங்க வேண்டும். அதனால் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. 2025இல் அமெரிக்கக் கூட்டரசின் ஆய்வு நிதி தடுமாறியபோது பல துறைகள் சேர்க்கையைச் சுருக்கின. சில, கொடுத்த அனுமதியையே திரும்பப் பெற்றன. ஆகவே விண்ணப்பிக்கும் முன் துறை அலுவலகத்துக்கு எழுதி, "வெளிநாட்டு மாணவர்களை இந்த ஆண்டு சேர்க்கிறீர்களா, சென்ற ஆண்டு எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பதில் சொல்வார்கள்.

எட்டிலிருந்து பன்னிரண்டு இடங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் 75 முதல் 150 டாலர் வரை ஆகும். கட்டண விலக்கு பல இடங்களில் உண்டு; ஆனால் கடைசித் தேதிக்குச் சில வாரங்கள் முன்பே கேட்க வேண்டியிருக்கும்.

தேர்வுகள் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பட்டமேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணைப் பெரும்பாலான உயிரியல் துறைகள் இப்போது கேட்பதில்லை. உயிரியலுக்கென்று இருந்த ஜி.ஆர்.இ. பாடத் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. ஆங்கிலத் திறனுக்கு டோஃபல் அல்லது ஐ.ஈ.எல்.டி.எஸ். கேட்பார்கள். பட்டப்படிப்பு முழுவதும் ஆங்கில வழியில் என்றால் சில இடங்கள் விலக்குத் தரும்.

பரிந்துரைக் கடிதங்கள்

மூன்று கடிதம் வேண்டும். மூன்றில் வலிமையானது, நீங்கள் ஆய்வக மேசையில் நின்று வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தவர் எழுதுவது. துறைத் தலைவர் என்பதற்காக ஒருவரிடம் வாங்கும் கடிதத்தில் "வகுப்பில் முதலிடம், ஒழுக்கமானவர்" என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கடிதம் உங்களுக்கு உதவாது.

கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே நேரில் கேளுங்கள். "எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்று கேளுங்கள், அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரை நாடுங்கள். ஒப்புக்கொண்டால் தன்விவரக் குறிப்பு, நோக்க அறிக்கையின் வரைவு, எல்லாக் கடைசித் தேதிகளும் உள்ள ஒரே ஒரு தாள் ஆகியவற்றைக் கொடுங்கள். அவருடன் வேலை செய்தபோது நடந்த மூன்று நிகழ்வுகளையும் நினைவூட்டிச் சில வரிகள் எழுதிக் கொடுங்கள்: எந்தச் சோதனை பலமுறை தவறியது, நீங்கள் என்ன மாற்றினீர்கள், என்ன ஆனது. நல்ல கடிதம் இத்தகைய நிகழ்வுகளால்தான் நிற்கும்.

"நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது நேர்மையில்லாதது, மேலும் கடிதமும் நோக்க அறிக்கையும் ஒரே நடையில் இருப்பதை அனுபவமுள்ளவர்கள் கண்டுபிடிப்பார்கள். மேலே சொன்ன குறிப்புகளைக் கொடுத்து, அவரையே எழுதும்படி பணிவோடு கேளுங்கள்.

விண்ணப்பத்தில் "கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா?" என்ற கேள்வி வரும். மாணவர் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்க உரிமை தரும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரும் கேள்வி அது. விட்டுக்கொடுக்கிறேன் என்று குறிப்பதே வழக்கம். அப்போதுதான் கடிதம் எழுதியவர் மனந்திறந்து எழுதினார் என்று குழு நம்பும்.

நோக்க அறிக்கை

ஒன்றிலிருந்து இரண்டு பக்கம். இதில் பாதிக்கு மேல் நீங்கள் செய்த ஆய்வைப் பற்றியே இருக்க வேண்டும். என்னிடம் திருத்தக் கொடுக்கப்படும் வரைவுகள் பெரும்பாலும் இப்படித் தொடங்குகின்றன: "சிறு வயதிலிருந்தே உயிரியல் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. இளங்கலை ஆய்வில் பி.சி.ஆர்., ஜெல் எலெக்ட்ரோஃபோரசிஸ், குளோனிங் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றேன்." இதை எழுதியவர் யார் என்று இந்த வரிகளிலிருந்து சொல்லவே முடியாது. அதே மாணவர், அதே ஆய்வைப் பற்றி இப்படி எழுதலாம்:

"ஈ.கோலை பாக்டீரியா ஒரு பரப்பில் ஒட்டி உயிர்ப்படலம் கட்டுவதை எங்கள் ஆய்வகம் ஆராய்ந்தது. ஒரு மரபணுவை நீக்கியபோது படலம் பாதியாகக் குறைந்தது. ஆனால் அந்தத் திரிபு மெதுவாகவும் வளர்ந்தது. ஒட்டும் திறன் போனதால் படலம் குறைந்ததா, செல்களே குறைவாக இருந்ததாலா? இதைப் பிரித்தறிய, படலத்தில் ஏறிய கிரிஸ்டல் வயலெட் சாயத்தின் அளவை அந்தந்தக் குழியின் செல் அடர்த்தியால் வகுத்தேன். வகுத்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. மரபணுவை ஒரு பிளாஸ்மிட் வழியாகத் திருப்பிக் கொடுத்தேன். படலம் முக்கால் பங்கு மீண்டது. மீதிக் கால் பங்கு ஏன் மீளவில்லை என்பதே இப்போது என்னை ஈர்க்கும் கேள்வி."

இங்கே பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை; வெளியான கட்டுரையும் தேவையில்லை. ஒரு விளக்கத்தின் மேல் சந்தேகம் எழுந்தது, அதைச் சோதிக்க வழி தேடினார், கிடைத்த விடையின் எல்லையை ஒளிக்காமல் சொன்னார். ஆய்வாளர் ஒருவர் நாள்தோறும் செய்யும் வேலை இதுதான்.

கூட்டாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்பதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். "செய்யப்பட்டது" என்ற செயப்பாட்டு வினைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம். "நான் அளந்தேன்", "மூத்த மாணவர் வடிவமைத்தார்" என்று எழுதுங்கள். தோல்வியடைந்த சோதனையை மறைக்கவும் வேண்டாம்.

கடைசிப் பத்தி ஒவ்வோர் இடத்துக்கும் மாறும். இரண்டு மூன்று பேராசிரியர்களின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய எந்தக் கேள்வி உங்கள் கேள்வியோடு சேர்கிறது என்று எழுதுங்கள். பெயரை மட்டும் அடுக்கினால் பயனில்லை. அனுப்புவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் பெயர் சரியா என்று இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். வேறு பல்கலைக்கழகத்தின் பெயரோடு போகும் அறிக்கைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

தனிப்பட்ட அறிக்கை என்று இன்னொன்றும் சில இடங்களில் கேட்பார்கள். நீங்கள் கடந்துவந்த பாதை, சந்தித்த தடைகள், பிறருக்குச் செய்த உதவி ஆகியவை அதில் இடம்பெற வேண்டியவை. ஆய்வு அறிக்கையை அங்கே மறுபடி எழுத வேண்டாம்.

நேர்காணல்

அழைப்பு வந்துவிட்டது என்றால், தாளில் நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று பொருள். இனி அவர்கள் பார்ப்பது, உங்களோடு உட்கார்ந்து அறிவியல் பேச முடியுமா என்பதை. அமெரிக்காவில் இருப்பவர்களைப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் நேரில் வரவழைப்பார்கள், செலவு அவர்களுடையது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜூம் வழியாக நடப்பதே அதிகம். நான்கு முதல் ஆறு பேராசிரியர்கள், ஒவ்வொருவருடனும் ஏறக்குறைய அரை மணி நேரம்.

என் முதல் நேர்காணலில் அரை மணியில் இருபது நிமிடம் நானே பேசினேன், முழுவதும் சோதனை முறைகளைப் பற்றி. பிறகு அந்தப் பேராசிரியர் அமைதியாகக் கேட்டார்: "உங்கள் கருதுகோள் தவறாக இருந்திருந்தால், இந்த வரைபடம் எப்படி இருந்திருக்கும்?" என்னிடம் விடை இல்லை. இரண்டாண்டு அந்த வரைபடத்தோடு வாழ்ந்தும் அந்தக் கேள்வியை நான் எனக்குள் கேட்டதே இல்லை. அன்றிரவு என் ஒவ்வொரு படத்தையும் எடுத்து வைத்து, அதன் கீழே நான்கு வரி எழுதினேன்: கேள்வி என்ன, ஒப்பீட்டுக்கான கட்டுப்பாடு எது, தவறாக இருந்தால் என்ன தெரிந்திருக்கும், அடுத்த சோதனை எது. இதையே உங்களுக்கும் சொல்கிறேன். அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் டிசம்பரிலேயே எழுதி வையுங்கள்.

உங்கள் ஆய்வை மூன்று நீளங்களில் சொல்லப் பழகுங்கள்: அரை நிமிடம், இரண்டு நிமிடம், பத்து நிமிடம். எதிரில் இருப்பவர் உங்கள் துறைக்காரராக இருக்க வேண்டியதில்லை. பாக்டீரியா பற்றி நீங்கள் சொல்வதைக் கேட்பவர் மூளை நரம்புகளை ஆராய்பவராக இருக்கலாம். இரண்டு நிமிடம் சொல்லி நிறுத்துங்கள், அவர் கேட்கட்டும். ஒரு வெள்ளைத் தாளும் தடித்த பேனாவும் பக்கத்தில் இருந்தால், வரைந்து காட்டலாம்.

கேள்விகள் ஆழமாகப் போகும். மேலே சொன்ன உயிர்ப்படல மாணவரை எடுத்துக்கொள்வோம். பேராசிரியர் கேட்கலாம்: "நீங்கள் நீக்கிய மரபணு ஓர் ஓபெரானில் இருந்ததா? அப்படியானால் அதற்கு அடுத்த மரபணுவின் செயலும் கெட்டிருக்குமே?" ஒன்றாக இயங்கும் அடுத்தடுத்த மரபணுக்களின் தொகுதியே ஓபெரான். மாணவர் இதை யோசித்ததே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பதறி எதையாவது சொல்வது மோசமான வழி. "தெரியாது" என்று சொல்லி நிறுத்துவது அரைகுறை வழி. நல்ல பதில் இப்படிப் போகும்: "அதை நான் சோதிக்கவில்லை. அப்படி நடந்திருந்தால் படலம் முக்கால் பங்கு மட்டும் மீண்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நீக்கிய திரிபில் அடுத்த மரபணுவின் ஆர்.என்.ஏ. அளவை அளந்து பார்ப்பேன். குறைந்திருந்தால், இரண்டு மரபணுக்களையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்து, படலம் முழுதாக மீள்கிறதா என்று பார்ப்பேன்." தெரியாத இடத்தில் நின்று இப்படி வாய்விட்டு யோசிப்பவரைக் குழு மறக்காது.

வழக்கமான கேள்விகளும் உண்டு. ஏன் பிஎச்.டி., ஏன் இங்கே, எந்த ஆய்வகங்களில் ரொட்டேஷன் செய்வீர்கள், ஒரு சோதனை தோற்றபோது என்ன செய்தீர்கள். இவற்றுக்கு மனப்பாடப் பதில் வேண்டாம். உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். நேர்காணும் பேராசிரியரின் கட்டுரை ஒன்றின் சுருக்கத்தையும் அதில் ஒரு படத்தையும் நன்றாகப் பார்த்து, ஒரு கேள்வி தயார் செய்தால் போதும். ஐந்து கட்டுரைகளை அரைகுறையாகப் படிப்பதைவிட இது மேல்.

ஜூமில் என்றால் நேரத்தை இருமுறை சரிபாருங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரை, கிழக்குக் கரையைவிட மூன்று மணி நேரம் பின்தங்கியது. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று பெரும்பாலான மாநிலங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அந்த வாரத்து நேர்காணலைத் தவறவிட்டவர்கள் உண்டு.

அங்கே ஏற்கெனவே படிக்கும் மாணவர்களோடு பேசும் நேரத்தை ஓய்வு நேரமாக நினைக்காதீர்கள். அவர்களுடைய கருத்தும் பல இடங்களில் குழுவுக்குப் போகும். அதைவிட முக்கியமாக, உங்களுக்கு வேண்டிய உண்மைகள் அங்கேதான் கிடைக்கும். உதவித்தொகை அந்த ஊர் வாடகைக்குப் போதுமா? நெறியாளரைக் கடைசியாக எப்போது தனியாகச் சந்தித்துப் பேசினீர்கள்? ஆய்வகத்தை மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்களா, துறை அவர்களுக்கு உதவியதா? உடல்நலமில்லாதபோது என்ன நடந்தது? சொன்ன பதிலோடு, பதிலுக்கு முன் வந்த தயக்கத்தையும் கவனியுங்கள். ஓர் ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டதும் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், அந்த ஆய்வகத்தை நான் எவ்வளவு புகழுக்காகவும் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன்.

முடிவு வந்த பிறகு

சில இடங்கள் ஒரு வாரத்தில் பதில் சொல்லும், சில இடங்கள் காத்திருப்புப் பட்டியலில் வைக்கும். நிதியோடு இடம் கொடுத்தவர்கள் ஏப்ரல் 15க்கு முன் முடிவு சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று, பட்டமேற்படிப்புக் கல்விக்கான மன்றத்தின் தீர்மானம் ஒன்றில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டுள்ளன. கையெழுத்திட்ட இடம் அவசரப்படுத்தினால், தீர்மானத்தைப் பணிவாகச் சுட்டிக்காட்டலாம்.

எங்கும் கிடைக்கவில்லை என்றால், ஓர் ஆய்வகத்தில் முழுநேர ஆய்வு உதவியாளராக ஓரிரு ஆண்டு வேலை செய்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். இப்படி இரண்டாம் முறை சேர்ந்தவர்கள் ஏராளம். மேசையில் நின்று செலவிட்ட அந்தக் காலம் கடிதத்தையும் அறிக்கையையும் எவ்வளவு மாற்றிவிடுகிறது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கிடைத்த இடங்களில் ஒன்றைத் தேர்ந்தவுடன், மற்றவற்றுக்கு அன்றே எழுதிவிடுங்கள். மூன்று வரி போதும். உங்கள் பதிலுக்காகக் காத்திருப்புப் பட்டியலில் ஒருவர் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பல்கலைக்கழகம், விசாவுக்குத் தேவையான ஐ-20 என்ற சேர்க்கைப் படிவத்தை அனுப்பும். அதைக் கொண்டு, வெளிநாட்டு மாணவர் பதிவு அமைப்பான செவிஸுக்கு 350 டாலர் கட்டணம் கட்டி, எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு நேரம் பதிவு செய்யுங்கள். கோடையில் விசா வரிசை நீளும் என்பதால், படிவம் கைக்கு வந்த வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.